மெந்தால் இல்லாமல் கடற்கரைக்குப் போகாதீர்கள்

கேள்வி இது: ஊட்டியில் முதுகலை விலங்கியல் படிக்கும் நான்கு மாணவிகள் பிப்ரவரியில் மூன்று நாள் தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் போகிறார்கள். பாறைக் கரையில் அசிடியன்களையும் (ஒரே இடத்தில் ஒட்டி, ஒரு துளையால் நீரை உறிஞ்சி மறு துளையால் வெளியேற்றி வாழும் பை போன்ற கடல் உயிர்கள்) அவற்றோடு ஒட்டி வாழும் மற்ற முதுகெலும்பற்ற உயிர்களையும் ஆய்வேட்டுக்காகச் சேகரிக்க வேண்டும். எந்த இடம் நல்லது, என்னென்ன எடுத்துப்போவது, பிடித்ததை ஸ்பிரிட்டில் போட்டுக் கொண்டுவந்தால் போதுமா, மலைக்கு வந்தபின் எப்படி இனம் காண்பது?

ஸ்பிரிட் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். போதாது. அசிடியனைத் தொட்டவுடன் அது உள்ளிருக்கும் தண்ணீரைப் பீச்சிவிட்டு, இரண்டு துளைகளையும் இறுக மூடி, உடம்பைச் சுருக்கிக்கொள்ளும். கடற்பீச்சி என்ற பெயரே அதனால்தான். சுருங்கிய நிலையில் அதை ஸ்பிரிட்டிலோ ஃபார்மலினிலோ போட்டால் அப்படியே விறைத்துவிடும். ஊட்டிக்கு வந்து அறுத்துப் பார்த்தால் செவுள் கூடை, அதாவது நீரை வடிகட்டும் உள் சல்லடை, கசக்கி எறிந்த துணிபோல இருக்கும். அதன் மடிப்புகள் எத்தனை, வாய்த்துளைக்குள் உள்ள உணர்கொம்பு கிளைத்ததா இல்லையா, எதையும் எண்ண முடியாது. அசிடியனில் இனம் காணத் தேவையான அடையாளங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கின்றன. வெளித்தோற்றத்தை நம்பிப் பெயர் வைத்தால் பாதி தப்பாகும். அதனால் மூன்று நாளில் பாறையில் நிற்கும் நேரத்தைவிட, பிடித்ததை மயக்கிக் காத்திருக்கும் நேரம் கூடுதலாக இருக்கவேண்டும். அட்டவணையை அப்படித்தான் போடுங்கள்.

மயக்க மருந்து மெந்தால். ஊட்டியில் இதற்குப் பஞ்சமே இல்லை. தைலம் விற்கும் கடைகளில் கிடைக்கும், நாட்டு மருந்துக் கடையில் 'புதினா உப்பு' என்று கேட்டால் தருவார்கள். 50 கிராம் போதும். ஓம உப்பு, பச்சைக் கற்பூரம், புதினா உப்பு மூன்றும் பார்வைக்கு வெள்ளைக் கட்டிகள்தான்; ஒரே தட்டில் அடுத்தடுத்த டப்பாவில் இருக்கும். மூன்றையும் ஒரே பொட்டலத்தில் வாங்கிவந்தால் வழியிலேயே இளகித் தண்ணீராகிவிடும். புதினா உப்பு நீளநீளமான ஊசிப் படிகமாக இருக்கும், நாக்கில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். யூகலிப்டஸ் தைலம் இதற்கு மாற்று அல்ல. மெந்தால் 42 டிகிரியை ஒட்டி உருகும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் வைத்துவிட்டுப் போனால் பை முழுக்க மெழுகியிருக்கும்.

கிளம்பும் முன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கடல் உயிர் வேண்டாம், காய்கறித் தோட்டத்து நத்தை போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து (காற்றை வெளியேற்றத்தான்), ஒரு பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, நத்தையை விட்டு, மேலே நாலைந்து படிகம் மெந்தால் தூவி மூடிவையுங்கள். மறுநாள் காலையில் அது ஓட்டைவிட்டு முழுதாக வெளியே நீண்டு, ஊசியால் தொட்டாலும் அசையாமல் கிடக்கும். இன்னொன்றை நேரே ஃபார்மலினில் போட்டால் ஓட்டுக்குள் சுருண்டு செத்திருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் கடற்கரையில் அவசரப்பட மாட்டார்கள்.

இனி இடம். பாறைக் கரை என்றதும் கன்னியாகுமரி, முட்டம், கடியபட்டணம் என்று போகத் தோன்றும். கொட்டலசு (பார்னகிள்), நத்தை, லிம்பெட் (தொப்பி வடிவ ஓட்டு நத்தை), சிப்பி, கடல் சாமந்தி (கடல் அனிமோன்) இவற்றின் அடுக்கு வரிசையைப் பார்க்க அந்த இடங்கள் அருமை. மேலே, அலைத் துளி மட்டும் படும் பாறையில் மணி அளவுள்ள லிட்டோரினா நத்தைகள்; அதன் கீழே நெரிட்டா நத்தையும் கொட்டலசும்; இன்னும் கீழே சிப்பி, பாசி, சாமந்தி. ஆனால் அலை நேராக மோதும் பாறை முகத்தில் அசிடியன் குறைவு. அதற்கு நிழல் வேண்டும், ஓடும் தண்ணீர் வேண்டும், அலை அடிக்கக் கூடாது. கல்லின் அடிப்பக்கம், இடுக்கு, அலைதடுப்புக் கல், ஜெட்டித் தூண், மிதவை, பழைய கயிறு, கரையேற்றிய படகின் அடி - அங்கெல்லாம் தேடுங்கள். ஆகவே இரண்டு நாளைத் தூத்துக்குடிக்கும் ஒரு நாளை முட்டத்துக்கும் கொடுங்கள். துறைமுக எல்லைக்குள் கடிதம் இல்லாமல் விடமாட்டார்கள். ஒரு மாதம் முன்பே துறைத்தலைவர் கையொப்பத்தோடு விண்ணப்பம் போகட்டும். அனுமதி வராவிட்டால் மீன்பிடித் துறைமுகத்தில் வலை பிரிக்கும் அண்ணாச்சிகளிடம் கேளுங்கள். நங்கூரக் கயிற்றிலும் மிதவையிலும் ஒட்டியிருப்பதை அவர்கள் குப்பை என்று சுரண்டித்தான் எறிவார்கள். அதில் உங்களுக்கு ஒரு வாளி தேறும். ஆழம், இடம் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாதிரி ஆய்வேட்டில் உதவாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது, சேகரிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரையில் கிடைத்தாலும் கடல் அட்டை, பவளம், கடல் விசிறி மூன்றையும் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை அவை. படம் எடுத்தால் போதும்.

நம் தென்கரையில் ஓத வேறுபாடு, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, சிறியது. பெரிய ஓதத்திலும் ஒரு மீட்டரை எட்டாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும்தான் கீழ்ப் பாறை சற்று நேரம் வெளியே தெரியும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதைப் பார்த்துத் தேதியை முடிவு செய்துவிட்டு, பிறகு பேருந்துக்குப் பதிவு செய்யுங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தாழ் ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பாறையில் இருக்கவேண்டும், தண்ணீர் திரும்பியதும் மேலே ஏறிவிடவேண்டும்.

கள்ளக்கடல் பற்றி மலைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே தொலைகடலில் அடித்த புயலின் அலை திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை) மையம் எச்சரிக்கை வெளியிடும். காலையில் அதைப் பாருங்கள், மீனவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். 'இன்னைக்குக் கடல் சரியில்ல' என்று அவர்கள் சொன்னால் அன்று கரையில் உட்கார்ந்து படகின் அடியைப் பாருங்கள். கடலுக்கு முதுகு காட்டி ஒருவரும் குனியக் கூடாது. நால்வரில் ஒருவர் எப்போதும் அலையைப் பார்த்து நிற்கட்டும். ரப்பர் அடி கொண்ட மூடிய ஷூ, தோட்டவேலைக் கையுறை, தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் - இவை இல்லாமல் 15 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்கு இறங்கும் உடம்பு பதினொரு மணிக்கே தளர்ந்துவிடும். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் உயிரோடு இருப்பதைக் கையில் எடுக்காதீர்கள், அதன் கொடுக்கில் ஆளைக் கொல்லும் நஞ்சு உண்டு.

எண்ணிக்கைக்கு 25 செ.மீ. சதுரச் சட்டம் போதும். அரை அங்குல பிவிசி குழாயில் செய்து, 2.5 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஒன்பது ஒன்பது நைலான் இழை கட்டினால் 81 சந்திப்புப் புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் என்ன இருக்கிறது என்று எழுதினால் பரப்பு விழுக்காடு கிடைத்துவிடும். கூட்டாக வாழும் அசிடியனையும் கடற்பஞ்சையும் தலை எண்ண முடியாது என்பதால்தான் புள்ளி முறை. மேல் எல்லையிலிருந்து நீர்விளிம்புவரை ஒரு கயிறு போட்டு, மீட்டருக்கு ஒரு சட்டம் வையுங்கள். கண்ணுக்குப் பிடித்த இடத்தில் வைக்காதீர்கள். புரட்டிய கல்லை அதே பக்கம் கீழாகத் திருப்பி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடியில் இருந்தவை வெயிலில் காய்ந்தும், மேலே இருந்த பாசி இருட்டில் அழுகியும் போகும்.

கடற்பஞ்சா, கூட்டு அசிடியனா என்ற சந்தேகம் முதல் நாள் எல்லோருக்கும் வரும். விரலால் மெல்லத் தடவுங்கள்: அசிடியன் வழவழப்பாக, ரப்பர்போல இருக்கும், சிறு துளைகள் சட்டென்று மூடும். பஞ்சின் துளை அப்படி மூடாது. ஓரத்தில் பிளேடால் கீறினால் அசிடியனுக்குள்ளே சீரக அளவிலோ அரிசி அளவிலோ தனித்தனி உயிர்கள் பதிந்திருப்பது தெரியும். வெள்ளையாகப் படர்ந்த டிடெம்னம் கூட்டம் மட்டும் ஏமாற்றும். அதன் உறை முழுக்கச் சுண்ணாம்பு நுண்முட்கள் நிறைந்திருக்கும். துளி வினிகர் விட்டால் பொங்கும். சிலிக்கா (மணல்) முள் கொண்ட பஞ்சு பொங்காது. ஆனால் சுண்ணாம்புப் பஞ்சும் பொங்கும், ஆகவே இதை ஒற்றைச் சாட்சியாக வைத்து முடிவு கட்டக் கூடாது; நுண்ணோக்கியில் டிடெம்னத்தின் முட்கள் குட்டி நட்சத்திர உருண்டைகளாகத் தெரியும்.

பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடிப்பகுதி பாறையிலேயே தங்கி, குடல் கிழிந்து வரும். பெயின்டர் வைத்திருக்கும் மெல்லிய பட்டித் தகட்டைச் சாய்வாக நுழைத்து, முடிந்தால் அடியில் உள்ள கொட்டலசோடு பெயர்த்தெடுங்கள். எடுக்கும் முன் தண்ணீருக்குள் இருக்கும்போதே அளவுகோலோடு படம். நிறம் ஃபார்மலினில் ஒரு வாரம்கூட நிற்காது. உயிரோடு இருக்கும்போது துளையைச் சுற்றி என்ன நிறம் என்பதை எழுத்திலும் குறியுங்கள். துளை விளிம்பில் எத்தனை மடல் என்பதையும் அப்போதே பாருங்கள். நான்கு நான்காக, சதுரமாகத் தெரிந்தால் ஸ்டைலிடே அல்லது பையூரிடே குடும்பம். வாய்த்துளையில் எட்டு, வெளித்துளையில் ஆறு என்றால் பெரும்பாலும் அசிடிடே. தூத்துக்குடியில் கருகருவென்று, பளபளப்பாக இருக்கும் ஃபல்லூசியா நைக்ரா இந்த வகை. அதைத் தனி வாளியில் போடுங்கள். அதன் உறையில் வலிய அமிலம் உண்டு. காயப்பட்டால் பக்கத்தில் உள்ள மாதிரிகளையும் கெடுக்கும்.

நீங்கள் முக்கியமாகத் தேடவேண்டிய தனி அசிடியனான ஹெர்டுமேனியா பல்லிடா நடுத்தர ஊட்டி உருளைக்கிழங்கு அளவு இருக்கும். மேலே பாசியும் புழுக்கூடும் படர்ந்திருப்பதால் கல்லென்று தாண்டிப் போய்விடுவீர்கள். இரண்டு சிவந்த துளைகள்தான் காட்டிக்கொடுக்கும். உயிருள்ள சங்கின் முதுகில் ஒட்டியும் வாழும். இந்தியக் கல்லூரிகளில் அசிடியன் என்றாலே இதுதான் என்று ஆனதற்குக் காரணம், எஸ். எம். தாஸ் 1936இல் வெளியிட்ட தனி ஆய்வு நூல். இன்றும் உடற்கூறு படங்களுக்கு அதைவிட விளக்கமானது கிடைப்பது அரிது, நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

கரைக்கு வந்ததும் மயக்கும் வேலை. ஐந்து லிட்டர் வாளியில் புதுக் கடல்நீர், பெரிய அசிடியன் என்றால் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். நிழலில் வைத்து, பேட்டரி காற்றுக் குழாயை விட்டு, துளைகள் தாமாகத் திறக்கும்வரை தொடாமல் விடுங்கள். அரை மணி நேரம் ஆகும். திறந்தபின் காற்றை நிறுத்தி, பொடித்த மெந்தாலை ஒரு தேக்கரண்டி நீர்மேல் தூவி மூடுங்கள். திறப்பதற்கு முன்பே தூவுவதுதான் பொதுவாக நடக்கும் தப்பு. மூடிய வாயோடு மயங்கியதைத் திறக்கவைக்க வழியில்லை. கூட்டு அசிடியனுக்கு இரண்டு மூன்று மணி நேரம், தனி அசிடியனுக்கு மூன்று முதல் ஆறு. ஊசியை வாய்த்துளைக்குள் விட்டுத் தொடுங்கள். விளிம்பு துடித்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மறுபக்கம், இரவு முழுக்க மறந்துவிட்டாலும் கெட்டது: 30 டிகிரி வெப்பத்தில் செத்து அழுகி, கூட்டத்திலிருந்து உயிர்கள் உதிர்ந்து வாளியடியில் கிடக்கும். மெந்தால் தீர்ந்துவிட்டால் மக்னீசியம் குளோரைடு: ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 75 கிராம், அதோடு அதே அளவு கடல்நீர். கடல் சாமந்திக்கு இதுதான் மெந்தாலைவிட நன்றாக வேலை செய்யும்.

பிறகு ஃபார்மலின். கடையில் வரும் கரைசல் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. அதாவது லிட்டருக்கு 100 மி.லி. உயிருக்கும் கரைசலுக்கும் ஒன்றுக்குப் பத்து என்ற அளவு வேண்டும். பாட்டிலில் அடைத்துத் திணித்தால் நடுவில் இருப்பது அழுகும். இருபது மாதிரிக்கு 250 மி.லி. பாட்டில் என்றால் ஐந்து லிட்டர் ஆகிறது, மூலக் கரைசல் 500 மி.லி. எடுத்துப்போங்கள். அந்த மூலக் கரைசலில் கிளம்பும் முன்பே வெண்காரம் போட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும்வரை கலக்கி வையுங்கள். ஃபார்மலின் நாளாக ஆகப் புளித்து அமிலமாகும். டிடெம்னத்தின் நட்சத்திர முட்களும், ஹெர்டுமேனியாவின் மேலங்கியில் (உறைக்கு உள்ளே உடலை மூடும் படலம்) உள்ள ஓரிரு மில்லிமீட்டர் நீள ஊசிகளும் சுண்ணாம்பு. புளித்த ஃபார்மலினில் கரைந்து காணாமல் போகும். அப்புறம் 'முட்கள் இல்லை' என்று எழுதி, இல்லாத இனம் ஒன்றைக் கண்டுபிடிப்பீர்கள்.

பெரியவற்றுக்கு வெளியே ஊற்றினால் போதாது. 10 மி.லி. சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு, வாய்த்துளை வழியாக உள்ளே நிரப்புங்கள். உறையில் பக்கவாட்டில் ஒரு சிறு கீறலும் போடுங்கள். மரபணுவுக்கு வேண்டுமென்றால் ஃபார்மலின் படும் முன்பே துளை ஓரத் தசையிலிருந்து பச்சைப்பயறு அளவு வெட்டித் தூய எத்தனாலில் தனியே போடவேண்டும். குடல் பகுதியிலிருந்து எடுத்தால் அது தின்ற பாசியின் மரபணுதான் வரும். இந்த வேலைகளை விடுதி அறைக்குள் செய்யாதீர்கள்; மொட்டைமாடியில், காற்றுக்கு முதுகு காட்டி, நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். ஃபார்மலின் புற்றுநோய்க் காரணி.

குறிப்புச் சீட்டு பாட்டிலுக்குள் இருக்கவேண்டும். டிரேசிங் தாளில் 2பி பென்சில். பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிட்டில் ஒரே வாரத்தில் கரைந்து வெள்ளைத் தாளாகிவிடும். மூடியில் ஒட்டும் சீட்டு மூடியோடு இடம் மாறும்.

உயிரோடு ஊட்டிக்குக் கொண்டுவரலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம், வாளியில் அம்மோனியா ஏறும், மேட்டுப்பாளையம் தாண்டியதும் குளிர் இறங்கும். 28 டிகிரி நீரில் வாழ்ந்தது ஊட்டி இரவைத் தாங்காது. பதப்படுத்தியதைக் கொண்டுவருவதிலும் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கல்லாரைத் தாண்டியதும் உப்புவது எல்லோரும் பார்த்ததுதானே. அதேபோல் தூத்துக்குடியில் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து, கொண்டை ஊசி வளைவுகளில் மூடி வழியே ஃபார்மலினைத் தள்ளும். வேன் முழுக்கக் கண்ணெரிச்சல். அதனால் இரண்டு மூன்று நாள் ஊறியதும் கரைசலை வடித்து, அங்குள்ள கல்லூரி ஆய்வகத்தில் முறையாக ஒப்படைத்துவிட்டு, மாதிரிகளை ஃபார்மலினில் நனைத்த காஸ் துணியில் சுற்றி, சீட்டோடு இரட்டை ஜிப் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் வையுங்கள். அரசுப் பேருந்தில் இதைக் கொண்டுவர நினைக்காதீர்கள், தனி வண்டிதான்.

மலைக்கு வந்ததும் புதிய 10 விழுக்காடு கரைசலுக்கு மாற்றுங்கள். அறுக்கும் முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் நெடி குறையும். தனி அசிடியன் என்றால் முதலில் உறையை வாய்த்துளையிலிருந்து கீழ்நோக்கி வெட்டி உரித்தெடுங்கள்; அது செல்லுலோஸ், தோல்போல வரும். உள்ளே இருக்கும் உடலை, அடிப்பக்க நடுக்கோட்டில் வெள்ளை நாடாபோல ஓடும் எண்டோஸ்டைலுக்குச் சற்று இடப்புறமாக வெட்டி, மெழுகுத் தட்டில் தண்ணீருக்கடியில் புத்தகம்போல விரித்து ஊசி குத்துங்கள். திசுக்கள் தெளிவாகத் தெரிய ஹீமாலம் சாயம் ஓரிரு நிமிடம். இப்போது எண்ணலாம். உணர்கொம்பு கிளைத்திருந்து, பக்கத்துக்கு ஆறோ அதற்கு மேலோ மடிப்பு இருந்தால் பையூரிடே. ஹெர்டுமேனியா, மைக்ரோகாஸ்மஸ் இதில் வரும். கொம்பு கிளைக்காமல், நான்கு மடிப்புக்கு மேற்படாமல் இருந்தால் ஸ்டைலிடே. துறைமுகக் கயிறுகளில் கிடைக்கும் ஸ்டைலா கனோபஸ் இதைச் சேர்ந்தது. மடிப்பே இல்லாமல், குடல் இடப்பக்கம் சுருண்டிருந்தால் அசிடிடே. கூட்டு அசிடியனில் ஒரு உயிரை ஊசியால் பெயர்த்தெடுத்து, எத்தனை பகுதியாகப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். மார்பு, வயிறு, அதற்குக் கீழே இனப்பெருக்க உறுப்புள்ள மூன்றாம் பகுதியும் இருந்தால் பாலிக்ளினிடே. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், சுற்றிலும் நட்சத்திர முட்கள் என்றால் டிடெம்னிடே. ஒரே கூட்டத்திலிருந்து பத்து உயிர்களாவது எடுங்கள். முதலில் எடுப்பது பெரும்பாலும் அறுந்துதான் வரும்.

ஆய்வேட்டுக்குக் குடும்பம், பேரினம்வரை உறுதியாகச் சொன்னால் போதும் என்பது என் கருத்து. இனப்பெயரை வலிந்து போடுவதைவிட 'டிடெம்னம், இனம் 1' என்று எழுதிப் படமும் மாதிரியும் வைப்பது நேர்மை. சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரித் தொகுப்பு உண்டு.

கூட்டத்தின் உறையை நறுக்கும்போது மஞ்சள், ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தென்பட்டால் எறிந்துவிடாதீர்கள், அவை அடைகாக்கப்படும் இளரிகள் (லார்வாக்கள்). ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள்: தவளைக் குஞ்சு வடிவம், முன்னால் ஒட்டிக்கொள்ள மூன்று காம்புகள், வாலுக்குள் முதுகுநாண். இந்த இளரியை வைத்துத்தான் 1866இல் ரஷ்ய விலங்கியலாளர் கொவலெவ்ஸ்கி, மெல்லுடலி என்று நினைத்திருந்த இந்த உயிர் நம் முதுகுநாணிக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டினார். சில நிமிடமோ சில மணி நேரமோ நீந்திவிட்டு, தலைகீழாக ஒட்டிக்கொண்டு, வாலையும் முதுகுநாணையும் கரைத்துவிடும். இனம் பிரிப்பதிலும் இளரியின் வடிவம் உதவும், ஆகவே சிறு குப்பியில் தனியே வையுங்கள்.

கடைசியாக, ஊட்டி ஆய்வகத்தில் மூலஃபார்மலின் பாட்டிலை ஜன்னலோரம் வைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் அது பால்போல வெளுத்து அடியில் வெள்ளைப் பொடி படியும். ஃபார்மால்டிஹைடு ஒன்றோடொன்று பிணைந்து பாராஃபார்மால்டிஹைடாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். மேலே தெளிவாக நிற்பதை ஊற்றி 10 விழுக்காடு என்று கலந்தால் உண்மையில் அதைவிட நீர்த்த கரைசல்தான் கிடைக்கும், மாதிரி மெதுவாக அழுகும். நீங்கள் போவது பிப்ரவரியில் என்பதால், அலமாரியில் போன குளிரைத் தாண்டி நிற்கும் பாட்டிலை எடுத்துப்போகாமல் கோயம்புத்தூரில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.